கைரவானை நோக்கிய இரண்டாம் பார்வை: பால் கிளேயும் அவரது நண்பர்களும்

1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மூன்று ஓவியர்கள் மார்ஸேய் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தூனிஸ் நகரை வந்தடைந்தனர். பால் கிளே, அவுகுஸ்ட் மாக்கே, லூயி முவாலியே என்போரே அம்மூவர். அவர்கள் அங்கு ஒன்றாகக் கழித்த காலம் பன்னிரண்டு நாட்களுக்கு மேற்படாது. எனினும், ஐரோப்பிய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர் அப்பன்னிரண்டு நாட்களுக்குத் தனியோர் அத்தியாயத்தையே ஒதுக்கி வந்துள்ளனர். குறிப்பாக, கைரவான் நகரில் ஒரு மாலைப் பொழுதில் கிளே வர்ணத்தின் இரகசியத்தைக் கண்டுகொண்டார் என்பதும், அதுவரை கோடுகளால் வரைபவராக இருந்த அவர் அக்கணத்திலேயே ஓவியராக மாறினார் என்பதும் பலராலும் திரும்பத் திரும்பக் கூறப்படும் செய்தியாகும்.

இஸ்லாமிய நாகரிகத்தின் தொன்மையான நகரொன்று ஐரோப்பியக் கலைஞன் ஒருவனின் கண்களைத் திறந்தது எனக் கேட்கும்போது நமது உள்ளம் பூரிப்படைவது இயல்பே. அப்பூரிப்பில் தவறேதுமில்லை. ஆயினும், நமக்கு உவப்பான செய்தி என்பதனாலேயே அதனை ஆராயாது ஏற்பது முறையாகாது. அச்செய்தி எவ்வாறு உருவானது, அதனை எழுதியவர் எப்போது எழுதினார், அவரது ஓவியங்கள் அதற்கு எந்தளவு சான்று பகர்கின்றன என்பனவற்றை நாம் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போது, தன் இளமைக்கால ஆக்கங்களையும் பயண அனுபவங்களையும் வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்த ஒரு மனிதரின் கதை நமக்குக் கிடைக்கிறது. பரவலாகக் கூறப்படும் கதையிலும் பார்க்க அது ஆழமானது என்பது எமது கருத்தாகும்.

மூவருக்கும் இடையிலான நட்பு முதலில் நோக்கத்தக்கது. கிளே 1879இல் சுவிட்ஸர்லாந்தின் பேர்ண் நகருக்கு அண்மையில் பிறந்தவர். முவாலியே 1880இல் பேர்ணில் பிறந்தவர். கிளேயின் பள்ளித் தோழர். மாக்கேயோ 1887இல் ஜேர்மனியில் பிறந்தவர். 1911ஆம் ஆண்டில் முவாலியேயே மாக்கேயைக் கிளேக்கு அறிமுகம் செய்து வைத்தார். தூனிசியாவை முன்னரே கண்டிருந்தவரும் முவாலியே ஒருவரே. அங்கு குடியேறி வாழ்ந்த பேர்ண் நகர மருத்துவர் ஒருவர் அவருக்கு நண்பராக இருந்தார். அவரது தூனிஸ் இல்லமும், இன்று அஸ்ஸஹ்ரா என அழைக்கப்படும் ஸென் ஜெர்மேன் கடற்கரையில் இருந்த அவரது வீடும் பயணிகளுக்குத் தங்குமிடங்களாயின. ஆக, ஒரு பழைய நண்பரின் பழைய நட்பே இப்பயணத்திற்கு வழி திறந்தது எனலாம்.

ஏப்ரல் 7இல் தூனிஸை அடைந்த அவர்கள் ஸென் ஜெர்மேன், ஸீதி பூ ஸஈத், கார்தேஜ், ஹம்மாமாத் ஆகிய இடங்களைக் கண்டு, மாதத்தின் நடுப்பகுதியில் கைரவானை அடைந்தனர். அங்கு அவர்கள் தங்கியது ஓரிரு நாட்களே. ஏப்ரல் 19இல் கிளே தனியே புறப்பட்டு இத்தாலி வழியாக வீடு திரும்பினார். மற்ற இருவரும் மேலும் சில தினங்கள் தங்கினர். அக்குறுகிய காலத்தினுள் கிளேயும் மாக்கேயும் தலைக்கு முப்பதுக்கு மேற்பட்ட நீர்வர்ண ஓவியங்களைத் தீட்டியிருந்தனர். முவாலியே வரைந்தவை மிகச் சிலவே.

கைரவான் என்ற பெயர் நமது வாசகர்களுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 50இல், அதாவது கி.பி. 670இல், உக்பா இப்னு நாபிஃ (ரஹ்) அவர்களால் நிறுவப்பட்ட நகரம் அது. இன்று நாம் காணும் பெரிய பள்ளிவாசல் பெரும்பாலும் 836இல் அக்லபிய ஆட்சியாளர் முதலாம் ஸியாததுல்லாஹ்வின் காலத்தில் எழுப்பப்பட்டதாகும். அதன் சதுர வடிவ மினாராவும், உரோமக் கட்டடங்களிலிருந்து பெறப்பட்ட தூண்கள் தாங்கி நிற்கும் தொழுகை மண்டபமும், மிஹ்ராபைச் சூழ்ந்துள்ள ஒன்பதாம் நூற்றாண்டின் பளபளப்பு ஓடுகளும் கட்டடக்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றவை. இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் 'அல்முதவ்வனா' வழியாக மாலிகி மத்ஹபின் அறிவு மையமாக அந்நகர் விளங்கியதையும் நாம் அறிவோம். 1988இல் அது உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய நகரைக் கிளே கண்டார் என்பது உண்மை. எதனைக் கண்டார் என்பதே கேள்வி.

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் காட்டும் சான்று கிளேயின் நாட்குறிப்பாகும். கைரவான் பகுதியில் அவர் வர்ணத்துடனான தமது உறவு அங்கே உறுதிப்பட்டது என்றும், தாம் ஓவியர் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது என்றும் பதிந்துள்ளார். ஒரு செய்தியை மதிப்பிடும்போது அதன் வாசகத்தை மாத்திரமன்றி, அறிவிப்பாளர் அதனை எப்போது, எந்நிலையில் பதிவு செய்தார் என்பதையும் ஆராய வேண்டும் என்பது நமது அறிவுப் பாரம்பரியம் கற்றுத் தந்த ஒழுங்காகும். ஹதீஸ் கலை அறிஞர்கள், நம்பகமான அறிவிப்பாளரின் நினைவும் காலப்போக்கில் மாற்றமடையக் கூடும் என்பதைக் கவனத்திற் கொண்டனர். இவ்வளவுகோலைக் கிளேயின் நாட்குறிப்புக்குப் பிரயோகிப்பதில் தவறில்லை.

நாட்குறிப்பு 1898 முதல் 1918 வரையான காலத்துக்குரியது. ஆனால் இன்று நம் கையிலிருப்பது அன்றாடம் எழுதப்பட்ட மூலக் குறிப்புகள் அல்ல. 1920களின் தொடக்கத்தில் கிளே அவற்றைத் திருத்தி, சீர்செய்து, செவ்வைப் பிரதியாக எழுதினார் என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். அவரது மகன் பீலிக்ஸ் 1957இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆய்வுப் பதிப்பு 1988இல் வெளிவந்தது. அவர் இவ்வாறு திருத்தி எழுதிய காலமும் கவனிக்கத்தக்கது. 1920இல் மியூனிக் நகரில் அவரது பெரும் கண்காட்சி நடைபெற்றது. 1921இல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். அதே 1921இல் வில்ஹெல்ம் ஹவுஸன்ஸ்டைன் என்ற விமர்சகர் கிளேயைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே 'கைருவான்' என்பதாகும். அந்நூலாசிரியருக்குத் தமது குறிப்புகளிலிருந்து பகுதிகளை எடுத்துக் கொடுத்தவரும் கிளேயே. ஆகவே, கைரவான் மாலை பற்றிய செய்தி, அது நிகழ்ந்து ஆண்டுகள் பல சென்றபின், புகழை எட்டிக் கொண்டிருந்த ஒரு கலைஞர் தமது கடந்த காலத்திற்கு ஒழுங்கு கற்பித்தபோது இன்றைய வடிவத்தைப் பெற்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

வேறு சான்றுகளும் இம்முடிவை வலுப்படுத்துகின்றன. கிளே வர்ணத்தைத் தேடத் தொடங்கியது தூனிசியாவில் அன்று. 1912 ஏப்ரலில் அவர் பாரிஸ் சென்று ரொபேர் தெலோனே என்ற ஓவியரைச் சந்தித்தார். ஒளியைப் பற்றி தெலோனே எழுதிய கட்டுரையை ஜேர்மன் மொழியில் பெயர்த்தவரும் கிளேயே. அது 1913 ஜனவரியில் 'டேர் ஸ்டூர்ம்' இதழில் வெளிவந்தது. வர்ணப் பரப்புகளை அருகருகே வைத்தே ஒரு சித்திரத்தைக் கட்டியெழுப்பலாம் என்ற கொள்கையை அவர் அங்கிருந்து பெற்றிருந்தார். மாக்கேயும் அதே ஊற்றில் நீரருந்தியவரே. தயாரான கண்களுடன் வந்த இருவருக்குத் தூனிசியாவின் ஒளி விடையளித்தது என்பதே சரியான கூற்றாகும்.

இங்கு கிளேயின் ஒரு பழக்கத்தை நாம் குறிப்பிடுதல் அவசியமாகிறது. தமது பழைய ஆக்கங்களை மீண்டும் எடுத்துப் பார்ப்பது அவருக்கு ஒரு தொழில்முறையாகவே இருந்தது. 1902இல் பெற்றோரின் வீட்டில் தமது குழந்தைப் பருவச் சித்திரங்களைக் கண்டெடுத்த அவர், அவற்றை விளையாட்டாகக் கருதி ஒதுக்கிவிடவில்லை. 1911இல் தமது ஆக்கங்கள் அனைத்துக்கும் கையெழுத்துப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியபோது, அச்சிறுவயதுச் சித்திரங்களுள் தெரிந்தெடுத்தவற்றுக்கும் இடமளித்தார். நிறைவடைந்த ஓவியங்களைக் கத்தரியால் வெட்டி, துண்டுகளைத் திருப்பி ஒட்டி, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி ஆக்கமாக்கி, புதிய தலைப்பும் இலக்கமும் இடுவது அவரது வழக்கம். அவரைப் பொறுத்தவரை ஓவியம் என்பது வரைந்து முடிந்த நாளோடு முடிவுறும் ஒன்றன்று. தமது ஓவியத்தைத் திருத்திய அதே கையே தமது நாட்குறிப்பையும் திருத்தியது என்பதை உணரும்போது, அதனைப் பொய்மை எனக் கூற நமக்கு மனம் வராது. ஆயினும், சரித்திரச் சான்றாக அதனைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை.

இனி ஓவியங்களை நோக்குவோம். நியூயோர்க் மெட்ரோபொலிடன் நூதனசாலையில் உள்ள 'பள்ளிவாசலுடன் ஹம்மாமாத்' என்ற நீர்வர்ண ஓவியத்தின் மேற்பகுதியில் பள்ளிவாசலையும் கோபுரங்களையும் தோட்டத்தையும் நாம் அடையாளம் காண முடிகிறது. கீழ்ப்பகுதியிலோ இளஞ்சிவப்பும் செம்மையும் கலந்த மெல்லிய பரப்புகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அவை நிலமா, சுவரா, வெறும் வர்ணமா எனத் துணிந்து கூற முடியாது. கண்ட இடமும் கற்ற கொள்கையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அமர்ந்துள்ளன. 'கைரவானின் வாயில்களுக்கு முன்' என்ற ஓவியத்தில் இவ்விரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. வெளிறிய மணல் நிறமும் நீலமும் நீரில் கரைந்து படிய, தொலைவில் குவிமாடங்கள் சிறு அடையாளங்களாக மாத்திரம் தெரிகின்றன.

எமது கருத்தில் இவ்வரிசையின் மிக முக்கியமான ஆக்கம் மூன்றாவதாகும். அதன் தலைப்பு, 'கைரவானின் பாணியில், மிதமான தட்பவெப்பத்துக்கு மாற்றப்பட்டது' எனப் பொருள்படும். பள்ளிவாசலும் இல்லை, குவிமாடமும் இல்லை, வாயிலும் இல்லை. நாற்கோணங்களும் ஒருசில வட்டங்களும் மட்டுமே உள்ளன. இத்தலைப்பில் ஒரு நேர்மை இருப்பதை நாம் பாராட்ட வேண்டும். இது கைரவான் அல்ல, கைரவானின் பாணி. அதுவும் எனது நாட்டின் காற்றுக்கு ஏற்ப நான் பெயர்த்தது என ஓவியரே அறிவித்து விடுகிறார். நாட்குறிப்பு மறைத்த இடைவெளியை இத்தலைப்பு வெளிப்படுத்துகிறது. கிளேயின் கைரவானைப் பற்றி எழுத விழையும் எவரும் நாட்குறிப்பை விடுத்து இத்தலைப்பிலிருந்தே தொடங்குதல் நன்று.

மாக்கேயின் பாதை வேறானது. அவர் மனிதர்களை விட்டு விலகவில்லை. கடைத்தெரு, நிழல் விழுந்த சந்து, வாயிலில் அமர்ந்திருக்கும் மனிதன் என்பன அவரது ஓவியங்களை நிரப்புகின்றன. திரும்பிய பின் தைல வர்ணத்தில் அவர் தீட்டிய 'துருக்கியக் கோப்பிக்கடை', ஸீதி பூ ஸஈதில் அவர் கண்ட காட்சியின் மறுவாசிப்பாகும். ஆனால் அவருக்கு அவகாசம் கிட்டவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 26இல் பிரான்ஸின் ஷாம்பேன் களத்தில் மாக்கே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தூனிசியாவிலிருந்து திரும்பி ஆறு மாதங்கள்கூட நிறைவுறவில்லை.

கைரவான் நினைவு கிளேயின் வாழ்வில் ஏன் இத்துணைப் பாரம் பெற்றது என்பதற்கு இம்மரணத்தையும் ஒரு காரணமாக நாம் கொள்கிறோம். ஒரே வேளையில் ஒரே காட்சியின் முன் அமர்ந்து தீட்டிய இருவருள் ஒருவர் மண்ணுக்குள் சென்றுவிட்டார். எஞ்சியவர் அந்நாட்களை மீண்டும் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அருகில் அமர்ந்திருந்தவரும் அவர் முன் வந்து நின்றிருப்பார். 1915இல் கிளே தீட்டிய 'மார்க்கின் தோட்டத்தில் வெப்பக் காற்று' என்ற நீர்வர்ண ஓவியத்தை இங்கு ஒப்புநோக்கலாம். பிரான்ஸ் மார்க் மற்றுமொரு நண்பர். அவ்வேளையில் போர்முனையில் இருந்தவர். பவேரிய மலையடிவாரத்தில் உள்ள அவரது தோட்டத்தைக் கிளே வரைகிறார். வீடும் மரமும் மலைமுகடும் வடதேசத்துக்குரியவை. ஆனால் அவற்றைக் கட்டியெழுப்பும் செம்மண் நிறச் சதுரங்கள் ஹம்மாமாத்திலும் ஸென் ஜெர்மேனிலும் பயின்றவை. இறந்த நண்பருடன் கற்ற மொழியில், உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள நண்பரின் தோட்டத்தை அவர் எழுதிப் பார்க்கிறார். 1916 மார்ச் மாதத்தில் மார்க்கும் வெர்டன் அருகே கொல்லப்பட்டார். கிளேயின் ஆக்கங்களுள் இச்சிறு ஓவியத்தையே நட்பின் மிக உயர்ந்த சாட்சியமாக நாம் கருதுகிறோம்.

முவாலியே நெடுங்காலம் வாழ்ந்தார், 1962இலேயே காலமானார். 1914இல் மிகக் குறைவாக வரைந்த அவர், பின்னர் வட ஆபிரிக்காவுக்கு மீண்டும் சென்று நீர்வர்ணத்தில் தமக்கெனவோர் அமைதியான பாணியைக் கண்டார். லூஸேர்ன் நகர தேவாலயமொன்றுக்கு 1930களில் அவர் அமைத்த கண்ணாடிச் சாளரங்களில், வர்ணப் பரப்பின் ஊடாக ஒளி நேரடியாகவே இறங்கி வருகிறது. வழி காட்டிச் சென்றவரின் பெயர் மற்ற இருவரின் புகழில் மங்கிப்போனது வருந்தத்தக்கது. 2014இல் பயணத்தின் நூற்றாண்டை ஒட்டிப் பேர்ணிலுள்ள பால் கிளே மையம் மூவரின் ஆக்கங்களையும் ஒரே கூரையின் கீழ் காட்சிப்படுத்தியமை இவ்வகையில் வரவேற்கத்தக்க செயலாகும்.

கிளேயின் கலையில் இஸ்லாமியக் கலையின் தாக்கம் யாது? நமது எழுத்தாளர்கள் சிலர் அவரது சதுரங்களைக் கண்டதும் பள்ளிவாசல் ஓடுகளையும் கைரவான் கம்பளங்களையும் நினைவுகூர்வர். ஒப்புமை இருக்கலாம், ஆனால் வேறுபாடே பெரிது. இஸ்லாமியக் கேத்திர கணித அலங்காரம் வட்டத்தைச் சமமாகப் பகுத்து, துல்லியமான ஒழுங்கில் விரிந்து, சட்டகத்துக்கு அப்பாலும் முடிவின்றித் தொடரக்கூடியதாக அமைகிறது. அதில் கைவினைஞனின் தனி நடுக்கம் புலப்படுவதில்லை. கிளேயின் சதுரமோ நடுங்குகிறது. ஒன்று போல் மற்றொன்று இல்லை. தாளின் ஓரத்தில் அது நின்றுவிடுகிறது. வெண்சுவர்களும் தட்டையான கூரைகளும் குவிமாடங்களும் கொண்ட நகரின் கட்டமைப்பிலிருந்து சித்திரத்தின் கட்டமைப்பை அவர் கற்றார் என்பதே ஓவியங்கள் தரும் சான்று. அவர் நமது நகரங்களின் மாணவர். நமது அலங்காரக் கலையின் மாணவர் என்பதற்கு இவ்வோவியங்களில் போதிய ஆதாரமில்லை.

அவர்கள் காணாதவற்றையும் கூறாமல் விடுதல் நீதியன்று. 1881 முதல் தூனிசியா பிரான்ஸின் பாதுகாப்பாட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே பிரெஞ்சுப் படைகள் கைரவானுள் நுழைந்தன. 1911 நவம்பரில் தூனிஸின் ஜல்லாஸ் மையவாடி நிலத்தைப் பதிவுசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிக்கெதிராக மக்கள் திரண்டபோது உயிர்கள் பல பலியாயின. மறு ஆண்டு டிராம் வண்டிப் புறக்கணிப்பு இடம்பெற்றது. அதனையடுத்து இளம் தூனிசியர் இயக்கத் தலைவர்கள் நாடு கடத்தப்பட்டனர். ஓவியர்கள் வந்திறங்கியபோது அந்நகர் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. இவற்றின் நிழல் எதுவும் எந்தவொரு தாளிலும் விழவில்லை. ஸஹாபி அபூ ஸம்ஆ அல்பலவீ (ரலி) அவர்கள் அடக்கப்பட்டுள்ள ஸாவியாவை ஐரோப்பியப் பயணிகள் 'நாவிதர் பள்ளிவாசல்' என்று அழைத்து வந்தனர். நபி (ஸல்) அவர்களின் திருமுடிகளை அவர் பேணி வைத்திருந்தார் என்ற மரபைப் பிழையாக விளங்கியதன் விளைவே அப்பெயர். ஒரு பெயரின் பின்னுள்ள பக்தியை விளங்காமலே ஒரு சுவரின் நிறத்தை மிக நுட்பமாகப் பார்த்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

எனினும், அந்தப்புரக் கற்பனைகளையும் அடிமைச் சந்தைகளையும் வரைந்து விற்ற முந்திய நூற்றாண்டு ஓவியர்களுடன் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது பொருந்தாது. கிளே எதனையும் இட்டுக்கட்டவில்லை, யாரையும் இழிவுபடுத்தவில்லை. காணாதது அவரது குறை. கண்டதில் அவர் நேர்மையாளர்.

பார்வை பற்றி நமது முன்னோர் கூறிய ஒன்று இங்கு பயனளிக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில், ஒளியும் நிறமும் கண்ணை வந்தடைந்த மாத்திரத்தில் காட்சி நிறைவடைவதில்லை என விளக்கினார். காணப்படும் பொருள் இன்னதென அறிவதற்கு, நினைவில் தங்கியுள்ள வடிவங்களுடன் உள்ளம் அதனை ஒப்பிட வேண்டியுள்ளது. அவ்வகையில் நினைவு என்பது காட்சிக்குப் பின்வரும் ஒரு துணையன்று. காட்சியின் உறுப்பே ஆகும். கிளே கைரவானை 1914இல் கண்டார். ஆனால் அதனை அறிந்துகொள்ள அவருக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. பட்டியலிட்டும், வெட்டியும், ஒட்டியும், திருத்தி எழுதியும் அவர் செய்ததெல்லாம் அவ்வறிதலின் படிகளே.

1928 டிசம்பரில் அவர் எகிப்துக்குச் சென்று மறு மாதம் திரும்பினார். 1929இல் தீட்டிய 'பெருவழியும் கிளைவழிகளும்' என்ற ஓவியத்தில் நைல் பள்ளத்தாக்கின் வயல்கள் வர்ணப் பட்டைகளாக அடுக்கப்பட்டுள்ளன. 1933இல் நாஸி ஆட்சி அவரைத் தியூஸல்டோர்ப் கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கியது. அவ்வாண்டு இறுதியில் தமது இளமையின் நகரான பேர்ணுக்கே அவர் திரும்பினார். 1935 முதல் தோலை இறுக்கும் கொடிய நோய் அவரைப் பீடித்தது. 1937இல் ஜேர்மனியில் அவரது ஆக்கங்கள் 'சீரழிந்த கலை' எனப் பெயர் சூட்டப்பட்டு ஏளனத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில், நோயாளியான அவர் 'நைலின் கதை' என்ற ஓவியத்தைத் தீட்டினார். நீலச் சதுரங்களின் மேல் பண்டைய எழுத்துகளை ஒத்த குறிகள் மிதக்கின்றன. அச்சதுரங்களின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்தால் நாம் 1914இன் ஸென் ஜெர்மேன் கடற்கரையையும், தாள்களை மடியில் வைத்து அமர்ந்திருந்த மூன்று நண்பர்களையும் சென்றடைவோம். 1940 ஜூன் 29இல் கிளே மறைந்தார்.

ஒரே மாலையில் நிகழ்ந்த அற்புதம் என்ற கதை கேட்பதற்கு இனியது. ஆனால் அது கைரவானுக்கும் நியாயம் செய்வதில்லை. கிளேக்கும் நியாயம் செய்வதில்லை. ஒரு நகரம் ஒரு கலைஞனுக்கு ஒருநாள் ஒளியைக் கொடுத்தது. அதனை இருபத்தைந்து ஆண்டுகள் அணையாது காத்தவை அவனது உழைப்பும், இழந்த நண்பர்கள்பால் அவன் கொண்ட விசுவாசமுமே. நமது நகரங்களின் ஒளியைப் பிறர் எவ்வாறு கண்டனர் என நாம் பெருமையுடன் எழுதுகிறோம். அச்சுவர்களை, அக்குவிமாடங்களை, அவற்றின் பெயர்களுக்குப் பின்னுள்ள வரலாற்றை நாம் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கிறோம் என்ற கேள்வியையும் அப்பெருமையுடன் சேர்த்தே கேட்டுக்கொள்வது நலம்.